தொப்பிக்குள் ஒரு பூச்சி

மிலோய்க்கா: மிதந்துச்சு.

ராடோ: மூழ்குச்சு.

மிலோய்க்கா: மிதந்துச்சுன்னு சொல்றேன்ல? என் கண்ணென்ன அவிஞ்சா போச்சு?

ராடோ: உங்க கண்ணு மீன் மேல இருந்துச்சு, அம்மணி. நான் பூச்சியை மட்டும்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். மீன் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே பூச்சி தண்ணிக்குள்ள போயிடுச்சு. கணக்குல வராது.

மிலோய்க்கா: இவ்வளவு பெரிய லிபான் மீன்! கைவலைக்குள்ள படுத்துக்கிட்டு என்னையே பாவமா பார்க்குது...

ராடோ: அதுகிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுட்டு ஆத்துல விட்டுடுங்க. இன்னைக்கு மிதவைப் பூச்சி நாள். கொக்கியில இறகைச் சுத்திக் கட்டின பொய்ப்பூச்சி தண்ணி மேல மிதக்கணும், மீன் மேல வந்து அதைக் கவ்வணும். மூழ்கின பூச்சியை எந்த மீனும் கவ்வும். அதுல என்ன சாமர்த்தியம்?

மிலோய்க்கா: எனக்கே பாடமா? இந்த இத்ரியா ஆத்துல நான் பூச்சி வீச ஆரம்பிச்சப்போ நீங்க பாலத்து மேல நின்னு ரொட்டி உருண்டையைக் கொக்கியில குத்திக்கிட்டு இருந்தீங்க.

ராடோ: உண்மைதான். அப்புறம் ஒரு பொண்ணு வந்து கத்துக்குடுத்தா. அவளையே கட்டிக்கிட்டேன். அப்புறம் விவாகரத்து.

மிலோய்க்கா: அந்தக் கதையை இப்ப எதுக்கு இழுக்கறீங்க? ஒன்பது வருஷம் ஆச்சு.

ராடோ: நான் எங்க இழுத்தேன்? ரொட்டி உருண்டையைப் பத்தி நீங்கதான் ஆரம்பிச்சீங்க.

மிலோய்க்கா: மெதுவா பேசுங்க. கீழ்மடுவுல ஃபெர்தோ நிக்கிறான். தண்ணி மேல பேச்சு வழுக்கிக்கிட்டுப் போகும். அவன் காதுல விழுந்துச்சுன்னா, நாளைக்குக் காலையில பேக்கரிக்கு வர்ற அத்தனை பேருக்கும் ரொட்டியோட சேர்த்துக் கட்டிக் குடுத்துடுவான்.

ராடோ: அவன் எத்தனை பிடிச்சிருக்கான்?

மிலோய்க்கா: ஆறு. நானும் ஆறு. எல்லாம் காலையில பிடிச்சது. காலையில எனக்கு நடுவரா உக்காந்திருந்தது தபால்காரம்மா. நல்ல மனுஷி. மத்தியானம் நடுவரை மாத்தினாங்க... சனி உங்க ரூபத்துல வந்து கரையில குந்திக்கிச்சு.

ராடோ: ரொம்ப நன்றி.

மிலோய்க்கா: நீங்க வந்த பிறகு ஒண்ணுகூட கணக்குல ஏறல!

ராடோ: முதல் மீன் அளவுப்பலகைக்கு ஒரு விரல் குறைச்சல். அடுத்தது வால்ல மாட்டினது. இது மூழ்கின பூச்சி. நான் என்ன பண்ணட்டும்? மீனை இழுத்து நீட்டவா?

மிலோய்க்கா: மாதா கோயில் மணி நாலு அடிச்சா போட்டி முடிஞ்சுது. இன்னும் ஒரே ஒரு மீன், ராடோ. ஒண்ணே ஒண்ணு. அந்தப் பரிசுக் குடில் சாவி என் கைக்கு வந்துடும்.

ராடோ: தனி ஆளுக்கு ஆத்தோரக் குடில் எதுக்கு? அதுவும் ஒரு வருஷத்துக்கு?

மிலோய்க்கா: எங்கம்மா குறட்டை விடறாங்க.

ராடோ: தெரியும். அலமாரியில தட்டு ஆடும்.

மிலோய்க்கா: நீங்க இருக்கற இடம் எப்படி? உங்க அக்கா?

ராடோ: அக்கா குறட்டை விடறதில்ல. தூங்கினாத்தானே விட! நான் வாசக்கதவைத் தொட்டாலே "யாரது, எங்க போயிட்டு வர்ற, யாரோட போன"ன்னு... அம்பத்திரெண்டு வயசுப் பச்சைப்புள்ள நான்.

மிலோய்க்கா: ஐயோ பாவம்.

ராடோ: எனக்கும் அந்தக் குடில்னா... சரி, விடுங்க. எனக்கென்ன. நான் நடுவர்.

மிலோய்க்கா: ஆமா, உங்களுக்கென்ன.

லூத்விக்: நல்லா கவ்வட்டும்!

மிலோய்க்கா: வாங்க தலைமை நடுவரே! எங்க கவ்வறது? நீங்க போட்ட ஆளு மத்தியானத்திலருந்து என் கழுத்தைத்தான் கவ்விக்கிட்டிருக்காரு.

லூத்விக்: ஹா! இதைக் கேக்கத்தான் இவ்வளவு தூரம் சைக்கிள் மிதிச்சேன். போன வருஷம் ஃபெர்தோவுக்கு அவன் மச்சான் நடுவரு. மிதந்து வந்த இலையைக்கூட மீன்னு எண்ணிட்டான். அதான் இந்த வருஷம் புதுச் சட்டம். புருஷன், பொண்டாட்டி, அண்ணன், தம்பி, மாமன், மச்சான்... யாரும் யாருக்கும் நடுவரா உக்காரக் கூடாது. செவ்வாய்க்கிழமை குலுக்கல்ல நீங்க ரெண்டு பேரும் ஜோடியா வந்தீங்களா, சீட்டுக்கு முத்தமே குடுத்துட்டேன்! இந்தப் பள்ளத்தாக்குலயே உங்களைவிட உறவத்துப் போன ரெண்டு பேரு உண்டா?

ராடோ: ...இல்லைதான்.

மிலோய்க்கா: இல்லவே இல்ல.

லூத்விக்: என்ன அதிசயம், ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்றீங்க! கடைசியா எப்ப இப்படி ஒத்துப் போனீங்க?

மிலோய்க்கா: விவாகரத்துக் கோர்ட்டுல.

ராடோ: அங்கயும் நான் கொஞ்சம் லேட்டாத்தான் தலையாட்டினேன்.

லூத்விக்: சண்டையை மட்டும் நிறுத்திடாதீங்க. பாலத்து மேல வேடிக்கை பார்க்க வந்த சனங்களுக்குப் பொழுது போகுது. நான் இப்படியே ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன்.

மிலோய்க்கா: எத்தனை சுத்து சுத்துவீங்க? வேற யாரையும் பார்க்க வேண்டாமா?

லூத்விக்: வேற யாரும் இவ்வளவு நல்லா திட்டிக்கல.

மிலோய்க்கா: ...போயிட்டாரா?

ராடோ: வளைவு தாண்டிட்டாரு. அந்த வில்லோ மரம் இருக்குல்ல, அதோட நிழல் ரொம்ப அழகா இருக்கு.

மிலோய்க்கா: நிழல்லதான் மீன் வட்டம் போடுது. நடுவர் மீனைக் காட்டக் கூடாது!

ராடோ: நான் நிழலை ரசிச்சேன்.

மிலோய்க்கா: வாயை மூடிக்கிட்டு ரசிங்க. இந்தா, வீசறேன்... பாருங்க, பாருங்க! மிதக்குது... மிதக்குது... மித...

ராடோ: மூழ்குச்சு.

மிலோய்க்கா: தெரியுது!

ராடோ: என் வேலை, சொல்றேன்.

மிலோய்க்கா: என்ன கேடு வந்துச்சு இதுக்கு? மரக்காளான் துண்டுல வச்சு அமுக்கி ஈரத்தை எடுத்தேன். பொடியில போட்டுக் குலுக்கினேன். வாயால ஊதினேன். காத்துல சும்மா நாலு வீச்சு வீசி உலர்த்தினேன். தண்ணியில வச்சா கல்லு மாதிரி போகுது!

ராடோ: காலையில மிதந்துச்சே?

மிலோய்க்கா: அது வேற பூச்சி. சட்டைப் பையில தனியா வச்சிருந்தேன். அதை ஒரு டிரவுட் மீன் மூக்குத்தி மாதிரி மாட்டிக்கிட்டுப் போயிடுச்சு. இப்ப போடறதெல்லாம் டப்பாவுல இருந்தது.

ராடோ: நூலு?

மிலோய்க்கா: நூலைக் குறை சொல்லாதீங்க. நேத்துதான் வெதுவெதுன்னு தண்ணியில கழுவி, அழுக்கெல்லாம் துணியில வழிச்சு, மெழுகு போட்டு வச்சேன். பாருங்க, எப்படி சொகுசா மேல படுத்துக்கிட்டு வருதுன்னு. அழுக்கு நூலுதான் நுனியில மூழ்கி, பூச்சியையும் கூட இழுத்துக்கிட்டுப் போகும். இது அப்படி இல்ல.

ராடோ: நூலுன்னு சொன்னதும் ஞாபகம் வருது...

மிலோய்க்கா: வேண்டாம்.

ராடோ: அந்தக் கிறிஸ்துமஸ்.

மிலோய்க்கா: ராடோ, வேண்டாம்னு சொன்னேன்.

ராடோ: நான் என் பட்டு நூலை உலர்த்தத்தான் கட்டினேன். ஜன்னல்லருந்து அலமாரி. அலமாரியிலருந்து விளக்கு. விளக்குலருந்து கிறிஸ்துமஸ் மரம். பட்டு நூலை ஈரத்தோட சுருட்டி வச்சா அழுகிடும். நீட்டிக் கட்டி, காய வச்சு, மான் கொழுப்பு தடவணும். அப்பதான் அடுத்த வருஷமும் மிதக்கும். இது ஒரு குத்தமா?

மிலோய்க்கா: எங்கம்மா வால்நட் ரொட்டியைத் தட்டோட தூக்கிக்கிட்டு வந்தாங்க.

ராடோ: கீழ பார்த்து வந்திருக்கலாம்.

மிலோய்க்கா: பல்செட்டு பறந்து போய் இயேசு பிறந்த தொழுவத்துல விழுந்துச்சு! மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவுல!

ராடோ: சிரிக்கிறீங்க.

மிலோய்க்கா: யாரு சிரிச்சா?

ராடோ: தோளு குலுங்குது.

மிலோய்க்கா: தண்ணி சில்லுன்னு இருக்கு. அது மட்டுமா? என் பிளம் ஜாம் காய்ச்சற பாத்திரத்துல மான் கொழுப்பு உருக்கினது யாரு? ஞாயித்துக்கிழமை குளிக்கப் போனா தொட்டியில செத்த வாத்து ஏழு...

ராடோ: ஆறு.

மிலோய்க்கா: நீதிபதி என்னைக் கேட்டாரு, "உங்க வீட்டுக்காரருக்கு வேற தொடுப்பா?"ன்னு. "ஆமாங்க, வாத்து"ன்னேன்.

ராடோ: கோர்ட்டே சிரிச்சுச்சு.

மிலோய்க்கா: நான் சிரிக்கல. பஸ்ல வீடு வந்து சேர்ற வரைக்கும் அழுதேன். அது உங்களுக்குத் தெரியாது.

ராடோ: ...தெரியும். அதே பஸ்ல கடைசி சீட்டுல நான் இருந்தேன்.

மிலோய்க்கா: ஃபெர்தோ... காது...

ராடோ: ஆமா. க்கும். எதுக்குச் சொல்ல வந்தேன்னா... அந்த வாத்தோட பின்பக்கத்துல, எண்ணெய்ச் சுரப்பியைச் சுத்தி முளைக்குதே பஞ்சிறகு, அதுல கட்டின பூச்சி தானாவே மிதக்கும். அது மேல எதையும் தடவக் கூடாது. தடவினா...

மிலோய்க்கா: ஆலோசனை!

ராடோ: ஞாபகம்.

மிலோய்க்கா: எனக்குத் தெரியாதா? களிம்பு, கொழுப்பு எது பட்டாலும் அந்த இறகு பிசுபிசுன்னு ஒட்டிக்கும். நடுவுல காத்து நிக்காது. அப்புறம் நேரா அடியிலதான். நான் தடவல! என் மெழுகு நூலோட சரி.

ராடோ: ஓ...

மிலோய்க்கா: என்ன ஓ?

ராடோ: ஒண்ணுமில்ல. ...ஏ வாத்தே! உன்னைத்தான். அந்தப் பக்கம் போற பச்சைத்தலை வாத்தே! உன் பின்பக்கத்துல யாராவது தெரியாத்தனமா கொழுப்பைப் பூசிட்டா, நீ அவனை மன்னிப்பியா?

மிலோய்க்கா: நடுவர் வாத்துகிட்ட என்ன பேசறாரு?

ராடோ: சொந்த விஷயம்.

மிலோய்க்கா: இருங்க... இதென்ன வாசனை, இந்த டப்பாவுல? சீஸு... உருளைக்கிழங்கு... கருகின வெங்காயம்... ஃப்ரிக்கா!

ராடோ: நல்ல பண்டம்.

மிலோய்க்கா: ஃப்ரிக்கா தின்ன கையோட யாரோ என் டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு பூச்சியா எடுத்துக் கொஞ்சியிருக்காங்க! ஒண்ணு விடாம! பாருங்க, இறகெல்லாம் எண்ணெய்ச் சட்டியில விழுந்த கோழிக்குஞ்சு மாதிரி!

ராடோ: அழகா இருந்திருக்கும். கொஞ்சத் தோணியிருக்கும்.

மிலோய்க்கா: கையைத் துடைச்சுட்டுக் கொஞ்சக் கூடாதா?

ராடோ: சந்தோஷத்துல மறந்திருப்பான்.

மிலோய்க்கா: அப்படி என்ன சந்தோஷமாம் அவனுக்கு?

ராடோ: எனக்கெப்படித் தெரியும்? நான் நடுவர்.

மிலோய்க்கா: அந்த முட்டாள் மட்டும் என் கையில தனியா மாட்டட்டும்...

ராடோ: மாட்டினா?

மிலோய்க்கா: ஃபெர்தோ திரும்பிப் பார்க்கறான்.

ராடோ: ஃபெர்தோ! இங்க என்னடா பார்வை? உன் பூச்சியைப் பாரு, மூழ்குது! ...குனிஞ்சிட்டான். மூழ்கல, சும்மா சொன்னேன்.

மிலோய்க்கா: ராடோ, விளையாட்டு போதும். டப்பா மொத்தமும் போச்சு. மிச்சம் இருக்கறது மான்முடியில கட்டின பெரிய பூச்சி ரெண்டு. இந்த மீனுங்க அதை ஏறெடுத்தும் பார்க்காது. இப்ப தண்ணி மேல பறக்கறது பூராவும் கொசு அளவு சாம்பல் பூச்சி.

ராடோ: மணி நாலாக இன்னும் நேரம் இருக்கு.

மிலோய்க்கா: நேரம் இருந்து? பூச்சி இல்லையே! குடில் போச்சு. ஒரு வருஷம் போச்சு. நான் அம்மா குறட்டையைக் கேட்டுக்கிட்டு அங்க, நீ... நீங்க உங்க அக்காவுக்குக் கணக்கு ஒப்பிச்சுக்கிட்டு இங்க. ஆசைப்பட்டதே தப்பு.

ராடோ: அழாதீங்க. நீங்க அழுதா எனக்கு வேர்க்குது.

மிலோய்க்கா: தொப்பியைக் கழட்டி விசிறிக்கோங்க. ...நில்லுங்க. அது என்ன?

ராடோ: எது?

மிலோய்க்கா: தொப்பிக்குள்ள.

ராடோ: என் தலை இருந்த இடம்.

மிலோய்க்கா: அந்த உள்பட்டியில! திருப்புங்க. இந்தப் பக்கம்... பச்சை நூலு. என் தையல் பெட்டியிலருந்து எடுத்த பச்சை நூலு! அது நான் கட்டின பூச்சி! நமக்குக் கல்யாணம் ஆறதுக்கு முன்னாடி!

ராடோ: அப்படியா? கவனிக்கல.

மிலோய்க்கா: இத்தனை வருஷமா உள்ள வச்சுக்கிட்டா திரிஞ்சீங்க?

ராடோ: வச்சுக்கல. எடுக்க வரல. கொக்கியில எதிர்முள்ளு இருக்குல்ல, அது துணியில மாட்டிக்கிச்சு.

மிலோய்க்கா: விவாகரத்துக்கு அப்புறமும்?

ராடோ: பொல்லாத முள்ளு.

மிலோய்க்கா: சாம்பல் பூச்சி. கொசு அளவு. ஒரு சொட்டுக் கொழுப்பு படாத இறகு... குடுங்க!

ராடோ: நடுவர் எதையும் குடுக்கக் கூடாது.

மிலோய்க்கா: நான் கட்டினது. என் பொருள்.

ராடோ: எனக்குக் குடுத்தது. என் பொருள்.

மிலோய்க்கா: விவாகரத்துல அவங்கவங்க பொருளை அவங்கவங்க எடுத்துக்கிட்டாச்சு! என் ஜாம் பாத்திரத்தை வேற அமுக்கிட்டீங்க!

ராடோ: அதுல கொழுப்பு ஒட்டியிருந்துச்சு, உங்களுக்கு உதவாது.

மிலோய்க்கா: லூத்விக்! லூத்விக்! யோவ், தலைமை நடுவரே!

லூத்விக்: வந்துட்டேன், வந்துட்டேன்! பாலத்துக்கிட்டதான் நின்னேன். என்ன, அடிதடியா?

மிலோய்க்கா: வழக்கு. இவரு தொப்பிக்குள்ள என் பூச்சி இருக்கு. எனக்குத் திரும்பி வேணும்.

ராடோ: நடுவர் குடுத்தா சட்டப்படி தப்பு. அதைத்தான் சொன்னேன்.

மிலோய்க்கா: நடுவர் வாத்துகிட்ட பேசறது மட்டும் சட்டப்படி சரியா?

லூத்விக்: வாத்துகிட்டயா? அதுக்குச் சட்டம் இல்லையே... அடுத்த வருஷம் சேர்த்துடறேன். சரி, பூச்சிக்கு வருவோம். கட்டினது யாரு?

மிலோய்க்கா: நான்.

லூத்விக்: வச்சிருந்தது?

ராடோ: நான்... இல்ல, என் தொப்பி.

லூத்விக்: ம். மிலோய்க்கா, இவனுக்குக் குடுத்தப்போ என்ன சொல்லிக் குடுத்தே? தானமாவா, இரவலாவா?

மிலோய்க்கா: அது எதுக்கு இப்ப?

லூத்விக்: தீர்ப்புக்கு வேணும்.

மிலோய்க்கா: ...சின்ன வயசு. ஏதோ உளறினேன்.

ராடோ: உளறல. "இந்தப் பூச்சி மிதக்கற வரைக்கும் உன்கூட இருப்பேன்"னு சொன்னாங்க.

லூத்விக்: அப்புறம்? மிதந்துச்சா?

ராடோ: நான் தண்ணியில போடவே இல்லையே.

மிலோய்க்கா: என்னது?

ராடோ: ஒரு தடவைகூட போடல. மூழ்கிட்டா?

மிலோய்க்கா: ராடோ...

ராடோ: வாத்து வாத்தா பிடிச்சு, விதவிதமா கட்டி, எல்லாத்தையும் மிதக்க விட்டுப் பார்த்தேன். இதை மட்டும் விடல. பயம்.

லூத்விக்: சரி, தீர்ப்பு சொல்றேன், கேட்டுக்கோங்க. நிபந்தனை போட்டுக் குடுத்த பொருள். நிபந்தனையைச் சோதிச்சுப் பார்க்கக் குடுத்தவங்களுக்கு உரிமை உண்டு. ராடோ, நீ குடுக்க வேண்டாம். தொப்பியைக் கீழ வை. அவங்க பொருளை அவங்க எடுத்துக்கட்டும்.

மிலோய்க்கா: தெய்வமே!

லூத்விக்: ஆனா போட்டிச் சட்டப்படி எதிர்முள்ளு உள்ள கொக்கியைத் தண்ணியில விட முடியாது. முதல்ல குறடால அமுக்கணும். காட்டு... அட. வழுக்கிக்கிட்டு வருதே? இதுல முள்ளே இல்லையே!

மிலோய்க்கா: இல்லையா?

லூத்விக்: என்னைக்கோ அமுக்கி வழவழன்னு ஆக்கி வச்சிருக்கு. தும்மினாலே விழுந்திருக்கும்.

மிலோய்க்கா: பொல்லாத முள்ளுன்னீங்க?

ராடோ: இன்னைக்குத்தான் கழண்டிருக்கும் போல.

மிலோய்க்கா: பொய்யி!

லூத்விக்: நேரம் ஆகுது. நான் இங்கயே நிக்கிறேன். இது எப்படி மிதக்குதுன்னு என் கண்ணால பார்க்கணும்.

ராடோ: மூழ்கிட்டா என்ன பண்றது?

மிலோய்க்கா: மூழ்கினா மூழ்கட்டும்.

ராடோ: உங்களுக்கென்ன, சுலபமா சொல்லிட்டீங்க. இத்தனை வருஷம் என் தலை மேல உக்காந்திருந்தது எனக்குத்தான் தெரியும்.

மிலோய்க்கா: சேறு எங்க... நூல் நுனியில இருக்கற மெல்லிசு நைலான் நரம்புல கொஞ்சம் சேறு பூசறேன், மினுங்கினா மீன் மிரண்டுடும். நரம்பு மூழ்கணும், பூச்சி மிதக்கணும்.

லூத்விக்: பொறுமையா. மரத்துக்கு மேல்பக்கமா...

ராடோ: ஆலோசனை சொல்லாதீங்க லூத்விக்!

லூத்விக்: மன்னிச்சுக்கோ.

மிலோய்க்கா: வீசறேன். மாதாவே...

லூத்விக்: விழுந்துச்சு. மெல்லிசா விழுந்துச்சு.

ராடோ: எங்க? எனக்குத் தெரியல. கண்ணு கலங்குது. எங்க?

லூத்விக்: அதோ, அந்த நுரைக்குப் பக்கத்துல. நிமிர்ந்து உக்காந்துக்கிட்டு வருது.

ராடோ: மிதக்குதா?

லூத்விக்: மிதக்குதுய்யா!

மிலோய்க்கா: பேசாதீங்க ரெண்டு பேரும்... நிழலுக்குள்ள போகுது...

ராடோ: மிதக்குது. மிதக்குது. ஐயோ, இன்னும் மிதக்குது...

மிலோய்க்கா: ஷ்ஷ்!

லூத்விக்: மூக்கு! மூக்கு தெரிஞ்சுது!

ராடோ: அவசரப்பட்டு இழுக்காதடி! கவ்வட்டும்... இப்ப! இப்பத் தூக்கு!

மிலோய்க்கா: மாட்டிக்கிச்சு! மாட்டிக்கிச்சு! ஐயோ, கோலு வளையுது!

லூத்விக்: மணி அடிக்கப் போகுது... பரவாயில்ல, மணிக்கு முன்னாடி கவ்வினது கணக்குதான். நிதானம்!

ராடோ: மரத்து வேருக்குள்ள விடாத! இந்தப் பக்கம் வா, வா, வா...

மிலோய்க்கா: மீனைக் கூப்பிடறியா, என்னைக் கூப்பிடறியா?

ராடோ: ரெண்டு பேரையும்!

லூத்விக்: வலை! வலையைத் தாழ்த்து... ஆங்! உள்ள! உள்ள வந்துடுச்சு!

மிலோய்க்கா: அளவுப்பலகை! நீங்களே அளங்க லூத்விக், இவரு அளந்தா மறுபடியும் ஒரு விரல் குறையும்.

லூத்விக்: முப்பத்தஞ்சு, முப்பத்தாறு... ரெண்டு விரல் கூடவே இருக்கு. அடடா, முதுகுத் துடுப்பைப் பாரு, கொடி மாதிரி. விடு, விடு, ஆத்துல விடு. ...போயிட்டா ராணி! இந்தா, மணியும் அடிச்சிடுச்சு.

மிலோய்க்கா: ஏழு! எனக்கு ஏழு! ஃபெர்தோ ஏதோ கத்தறானே?

லூத்விக்: "மிதந்துச்சு, நானும் பார்த்தேன், நாசமாப் போக"ங்கறான்.

மிலோய்க்கா: ஃபெர்தோ! நீ நல்லா இருப்படா! உன் ரொட்டி நல்லா உப்பட்டும்!

லூத்விக்: இனி முறைப்படி முடிப்போம். ராடோ, நீதான் இங்க நடுவர். சொல்லு. மிதந்துச்சா, மூழ்குச்சா?

ராடோ: மிதந்துச்சு. வாழ்க்கையில இந்த மாதிரி எதுவும் மிதந்து நான் பார்த்ததில்ல. ஆனா...

லூத்விக்: ஆனா?

ராடோ: என் வாக்கு செல்லாது.

மிலோய்க்கா: ராடோ! சாவி!

ராடோ: தெரியும்டி. ஆனா பொய் சொல்லி வாங்கின குடில்ல எனக்குத் தூக்கம் வராது. உனக்கும் வராது. நீ ஒரு பக்கம் புரளுவ, நான் ஒரு பக்கம் புரளுவேன்.

லூத்விக்: என்னய்யா, திடீர்னு "டி"ங்கற? புரளுவேங்கற? யாரு எங்க புரளறது?

ராடோ: நீங்க போட்ட சட்டம்தான் லூத்விக். உறவுக்காரன் நடுவரா உக்காரக் கூடாது.

லூத்விக்: நீ எங்க உறவு? ஊரே சாட்சி, விவாகரத்து ஆனவன்!

மிலோய்க்கா: போதும், நானே சொல்லிடறேன். நீங்க குலுக்கினது செவ்வாய்க்கிழமை. அன்னைக்கு எங்களுக்குள்ள உறவு கிடையாது. சத்தியமா. வியாழக்கிழமை ஆயிடுச்சு. தோல்மின்ல போய்ப் பதிவு பண்ணிக்கிட்டோம், இவரும் நானும். மறுபடியும். எங்கம்மாவுக்குத் தெரியாது. இவரு அக்காவுக்குத் தெரியாது. கல்யாண விருந்துக்கு ஆளுக்கு ஒரு தட்டு ஃப்ரிக்கா தின்னோம். அந்தக் கையோடதான் இந்த மனுஷன் என் டப்பாவைத் திறந்து, "நீ கட்டின பூச்சிக்கு ஈடு உண்டா"ன்னு ஒவ்வொண்ணா எடுத்துக் கொஞ்சினாரு. அன்னைக்கு ராத்திரி நான் எங்கம்மா வீட்டுல, இவரு அக்கா வீட்டுல. கல்யாணம் ஆகியும் கூரை இல்ல. இந்தக் குடில் கிடைச்சா அங்கருந்து எல்லாருக்கும் சொல்லிக்கலாம்னு நினைச்சோம். சொல்லாம மறைச்சது தப்புதான். சாவியை ஃபெர்தோவுக்கே குடுத்துடுங்க. எனக்கு வருத்தம் இல்ல. இருக்கு. ஆனா குடுத்துடுங்க.

லூத்விக்: எதுக்குக் குடுக்கணும்? உன் முதல் ஆறு மீனை எண்ணினது தபால்காரம்மா. மத்தியானத்திலருந்து இவன் வாயால ஒண்ணைக்கூட சரின்னு சொல்லல, நீதான் கத்தினியே. ஏழாவதைப் பார்த்தது நான், அளந்தது நான், சாட்சிக்கு ஃபெர்தோ. சட்டம் எங்க உடைஞ்சுது?

ராடோ: உங்களுக்குக் கோபம் இல்லையா? மூடி மறைச்சோமே?

லூத்விக்: நான் மட்டும் மறைக்கலையா? எதுக்காக இன்னைக்குப் பூரா இந்தக் கரையையே செக்குமாடு மாதிரி சுத்தி வந்தேன்னு நினைக்கிறீங்க? வியாழக்கிழமை உங்களைப் பதிவு பண்ணி வச்சுட்டு, பேனாவை மூடி வச்சுட்டு, மூக்கைச் சிந்துச்சே ஒரு கண்ணாடிக்கார அம்மா... அது என் மச்சினி. இவன் வாக்கு செல்லாது, என் கண்ணாவது பார்க்கட்டும்னுதான் சுத்தினேன். இந்தாங்க சாவி. கதவு கொஞ்சம் இறுக்கமா இருக்கும், ரெண்டு பேரும் தோளைக் குடுத்துத் தள்ளுங்க. அங்க எப்பவும் ஒரே தலையணைதான் கிடக்கும்... எதுக்கும் இருக்கட்டும்னு நேத்து சாயங்காலமே இன்னொண்ணு கொண்டுபோய்ப் போட்டுட்டேன்.